முன் ஃபோர்க்கில் துணைக்கருவி பொருத்தும் போல்ட்டுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சைக்கிளின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால் கொண்ட கவையில்) கேரியர், மட்கார்டு, பாட்டில் கேஜ் (பாட்டில் வைக்கும் கூடு), விளக்கு என எதைப் பொருத்தினாலும், அது உறுதியாக நிற்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத சில போல்ட்டுகளைப் பொறுத்தது. பின்புறக் கேரியரில் ஒரு போல்ட் கழன்றால் பெரும்பாலும் சாமான் சரிவதோடு போய்விடும். முன்புறத்தில் கழன்றால், கேரியரின் காலோ மட்கார்டின் கம்பியோ சுழலும் சக்கரத்துக்குள் புகுந்து, சக்கரம் சட்டென்று நின்று, ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படலாம். ஆகவே ஃபோர்க்கில் எழும் சிறு ஆட்டத்தையும் சத்தத்தையும் உடனே கவனிக்க வேண்டும். இந்தக் கோளாறுகளைச் சரிசெய்யும்போது பலரும் முதலில் போல்ட்டின் தரத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் கண்ட அளவில், குற்றவாளி பெரும்பாலும் போல்ட்டின் நீளம்தான்.

அறிகுறிகளுக்குள் நுழைவதற்கு முன் அளவை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஃபோர்க்கில் துணைக்கருவிக்காக விடப்பட்ட மரையிட்ட துளைகளில் பெரும்பாலானவை எம்5 வகையைச் சேர்ந்தவை. அதாவது விட்டம் 5 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.8 மி.மீ. சில கனமான ஃபோர்க்குகளில் எம்6 துளைகள் உண்டு. அவற்றின் மரை இடைவெளி 1 மி.மீ. ஃபோர்க்கின் இரண்டு கால்களும் மேலே சேரும் தலைப்பகுதியில் முன்னிருந்து பின்னாகப் போகும் துளை இருந்தால், அதில் பொதுவாக மரை இருக்காது; 6 மி.மீ. போல்ட் ஒன்று ஊடுருவிச் சென்று மறுபக்கம் நட்டில் முடியும். வெர்னியர் காலிபரில் எம்5 போல்ட்டின் வெளிவிட்டம் 4.8 அல்லது 4.9 என்றுதான் காட்டும். அதைக் கண்டு போல்ட் தேய்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஆலன் கீயின் (அறுகோண முனையுள்ள திருகுசாவியின்) அளவை வைத்து போல்ட்டின் அளவைத் தீர்மானிப்பதும் ஏமாற்றிவிடும்: உருளைத் தலை எம்5 போல்ட்டுக்கு 4 மி.மீ. கீ வேண்டும், பொத்தான் தலை எம்6 போல்ட்டுக்கும் அதே 4 மி.மீ. கீதான் வேண்டும்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. உருளைத் தலை, பொத்தான் தலை போல்ட்டுகளில் தலைக்குக் கீழிருந்து நுனிவரை உள்ளதே நீளம். துளைக்குள் புதையும் கூம்புத் தலை போல்ட்டில் மட்டும் தலையையும் சேர்த்து அளப்பார்கள். 16 மி.மீ. கூம்புத் தலை போல்ட்டுக்குப் பதிலாக 16 மி.மீ. உருளைத் தலை போல்ட்டைப் போட்டால், அதன் தண்டு முழுவதும் பாகத்துக்குள்ளே இறங்கும். நீளங்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

போல்ட் ஒன்றிரண்டு சுற்றிலேயே நின்றுவிடுகிறது

இங்கே முதல் விதி, கருவியைக் கீழே வைத்துவிட்டு விரலால் திருகுவது. சரியான போல்ட் சுத்தமான துளையில் விரலின் பலத்திலேயே குறைந்தது நான்கைந்து சுற்று உள்ளே போக வேண்டும். அப்படிப் போகாத போல்ட்டை ஆலன் கீயின் நீளமான கையால் கட்டாயப்படுத்தினால், நொடியில் மரையை அழித்துவிடலாம். பிறகு அதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும்.

புதிய ஃபோர்க்காக இருந்தால், துளைக்குள் பெயிண்ட் இறங்கி உறைந்திருப்பதே வழக்கமான காரணம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் மரையின் பள்ளங்கள் கூர்மையாகத் தெரியாமல் மழுங்கலாக, ஃபோர்க்கின் நிறத்திலேயே தெரியும். எம்5 × 0.8 டேப்பில் (துளைக்குள் மரை வெட்டும் கருவியில்) ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போனால் பெயிண்ட் தூளாக வெளிவந்துவிடும். டேப் இல்லாதவர், ஒரு பழைய எஃகு எம்5 போல்ட்டின் நுனியிலிருந்து நீளவாட்டில் முக்கோண அரத்தால் ஒரு பள்ளம் இழுத்து, அதையே டேப்பைப்போலப் பயன்படுத்தலாம். பெயிண்டை வழிக்க அது போதும், உலோகத்தை வெட்ட அது போதாது.

பெயிண்ட் இல்லை, ஆனாலும் போல்ட் சாய்வாக நிற்கிறது என்றால், மரை மேல் மரை ஏறியிருக்கிறது. போல்ட்டை வெளியே எடுத்து, துளையில் நேராக வைத்து, முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்ற வேண்டும். ஓரிடத்தில் போல்ட் நூலளவு கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும்; சில சமயம் 'டிக்' என்று ஒரு சிறு ஓசையும் கேட்கும். இரண்டு மரைகளின் வாயும் சந்திக்கும் இடம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கமாகத் திருகினால் நேராக ஏறும்.

மூன்றாவது காரணம் அரிதானது, ஆனால் கண்டுபிடிக்கக் கடினமானது. அங்குல அளவையில் 10-32 என்று ஒரு போல்ட் உண்டு. அதன் விட்டம் சுமார் 4.83 மி.மீ., மரை இடைவெளி சுமார் 0.79 மி.மீ. எம்5 அளவோடு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், 10-32 போல்ட் எம்5 துளையில் லேசான ஆட்டத்துடன் ஏறிவிடும். எம்5 போல்ட்டோ 10-32 துளையில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால், எம்5 என்று உறுதியாகத் தெரிந்த ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் அதில் ஏற்றிப் பார்ப்பதே எளிய சோதனை.

போல்ட் இறுகிவிட்டது, ஆனால் பொருத்திய கருவி ஆடுகிறது

இந்த அறிகுறியைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கீ இதற்கு மேல் திரும்ப மறுக்கிறது, எனவே போல்ட் இறுகிவிட்டது என்று தோன்றுகிறது. உண்மையில் போல்ட்டின் நுனி குருட்டுத் துளையின், அதாவது மறுபக்கம் திறக்காத துளையின், அடியைத் தட்டி நிற்கிறது, தலைக்கும் கேரியரின் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி மிச்சமிருக்கிறது. இந்த நிலையில் இன்னும் அழுத்தித் திருகினால், ஃபோர்க்கின் காலில் பதிக்கப்பட்ட மரை நட்டை அந்த போல்ட்டே வெளியே நெம்பத் தொடங்கும். பிரேக் ஹோஸோ விளக்கின் வயரோ காலின் உள்ளே செல்லும் ஃபோர்க்குகளில் துளைக்கு அடிப்பகுதியே இல்லாதிருந்தால், நீண்ட போல்ட் நேராக அதன்மீது போய் அழுத்தக்கூடும்.

சோதனை எளிது. போல்ட்டையும் கருவியையும் கழற்றிவிட்டு, வெறும் போல்ட்டை மட்டும் விரலால் துளைக்குள் முழுவதுமாகத் திருக வேண்டும். தலை ஃபோர்க்கின் பரப்பைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டால், வெளியே மிச்சம் நிற்கும் நீளத்தை அளக்க வேண்டும். அந்த நீளம் தகடு, வாஷர் ஆகியவற்றின் மொத்தத் தடிமனைவிடக் குறைவாக இருந்தால்தான் அந்த போல்ட் பொருந்தும். சரிசமமாக இருந்தாலும் பொருந்தாது.

சரியான நீளத்தைக் கணக்கிட, பழைய ஸ்போக் கம்பி ஒன்றைத் துளைக்குள் மெதுவாக அடி தட்டும்வரை விட்டு, விளிம்பில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து அளக்கலாம். துளையின் ஆழம் 12 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். கேஜின் தகடு 3 மி.மீ., வாஷர் 1 மி.மீ., ஆக 4 மி.மீ. வெளியே செலவாகிறது. 16 மி.மீ. போல்ட்டைப் போட்டால் 12 மி.மீ. உள்ளே போய், தகட்டை நெரிக்கும் அதே கணத்தில் அடியையும் தட்டும். அதை நம்ப முடியாது. 12 மி.மீ. போல்ட்டைப் போட்டால் 8 மி.மீ. உள்ளே பிடிக்கும், அதாவது சரியாகப் பத்துச் சுற்று, அடியில் 4 மி.மீ. இடம் மிச்சம். அலுமினியத் துளையில் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது எம்5 போல்ட்டுக்கு 7.5 மி.மீ., மரை பிடித்திருப்பது நல்லது. எஃகுத் துளையில் விட்டத்தின் அளவே, அதாவது 5 மி.மீ., போதும். இந்த எடுத்துக்காட்டில் 12 மி.மீ. போல்ட் இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. அதே துளையில் தகட்டுக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி தரும் வளையம்) சேர்ந்தால், வெளியே செலவாவது 14 மி.மீ. ஆகிவிடும், 20 மி.மீ. போல்ட்டில் 6 மி.மீ. மட்டுமே உள்ளே பிடிக்கும், 25 மி.மீ. போல்ட்டில் 11 மி.மீ. பிடிக்கும். அங்கே 25 தான் சரி, அடியில் 1 மி.மீ. இடைவெளியே இருந்தாலும். பொருத்துகிற கருவி மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்; பழைய கேஜோடு வந்த போல்ட் புதிய கேஜுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆழம் சரியாக இருந்தும் கருவி ஆடினால், போல்ட்டின் தண்டைப் பார்க்க வேண்டும். நீளமான போல்ட்டுகளில் தலைக்குக் கீழே மரையில்லாத வழவழப்பான பகுதி இருக்கும். அந்தப் பகுதி துளையின் வாயில் முட்டி நின்றாலும் இதே அறிகுறிதான் தோன்றும். முழு நீளத்துக்கும் மரையிட்ட போல்ட்டே இதற்குத் தீர்வு.

ஒவ்வொரு சில பயணங்களுக்கும் ஒருமுறை போல்ட் தளர்கிறது

போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு விறைத்த ஸ்பிரிங்போல நூலிழை நீண்டு, அந்த இழுவிசையால் தகட்டையும் ஃபோர்க்கையும் சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிப்பு இருக்கும்வரை அதிர்வு போல்ட்டை அசைக்காது. எனவே தளர்வுக்கு மருந்து தேடுவதற்கு முன், நெரிப்பு எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். தகட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் ரப்பரோ மெல்லிய பிளாஸ்டிக்கோ இருந்தால், அது நாளடைவில் அமுங்கும், அமுங்கிய அளவுக்கு நெரிப்பும் குறையும். தடிமனான பெயிண்டும் இதையே செய்யும். கேஜில் மேலும் கீழும் நகர்த்துவதற்காக விடப்பட்ட நீள்துளை இருந்தால், பொத்தான் தலையின் விளிம்பு மட்டும் அதன் ஓரங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அகன்ற தட்டை வாஷர் கட்டாயம். ஃபோர்க்கின் பக்கவாட்டில் 64 மி.மீ. இடைவெளியில் மூன்று துளைகள் இருந்து, சுமை ஏற்றும் பெரிய கேஜை இரண்டு போல்ட்டுகளில் மட்டும் தொங்கவிட்டிருந்தால், மூன்றாவதையும் போட்டுவிட்டுப் பிறகு வேறு காரணத்தைத் தேடலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தளர்ந்தால், நீல நிறத்தில் வரும் நடுத்தர வலிமையுள்ள திரெட்லாக்கர் பசை உதவும். போல்ட்டிலும் துளையிலும் உள்ள எண்ணெய்ப் பசையைத் துடைத்து நீக்கிய பின் ஒரு சொட்டு போதும். முழுமையாக இறுக ஒரு நாள் விட வேண்டும். சிவப்பு வகையை இங்கே தொடவே வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கேஜில் பசை வழிந்தால் சில வகைப் பிளாஸ்டிக் விரிசல் விடும் என்பதால், துளைக்குள் மட்டும் விடுவது நல்லது. ஃபோர்க்கின் கீழ்முனையில் உள்ள காதுகளில் (போல்ட் போடத் துளையிட்ட சிறு நீட்சிகளில்) துளை மறுபக்கம் வரை திறந்திருப்பதால், இடம் இருந்தால், பின்னாலிருந்து நைலான் வளையம் கொண்ட நட்டு ஒன்றையும் போடலாம். நைலானைத் தாண்டி ஓரிரு மரையாவது போல்ட் வெளியே தெரிய வேண்டும். பிளந்த ஸ்பிரிங் வாஷரைப் பலரும் நம்புகிறார்கள், நான் நம்புவதில்லை. போல்ட் சரியாக இறுகியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷராகிவிடுகிறது.

இறுக்கிய பின், போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே தளர்வு தெரிந்துவிடும்.

போல்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மரை கழன்ற மனிதரைப்போல எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும் இந்த போல்ட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. பதித்த நட்டின் விளிம்பிலும் அதை ஒட்டிய ஃபோர்க்கின் பரப்பிலும் பேனாவால் ஒரே கோடாகக் குறியிட்டு, போல்ட்டைத் திருகிப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளும் விலகினால், பதித்த நட்டே தன் இடத்தில் சுழல்கிறது. விலகாவிட்டால், மரை அரைந்துவிட்டது.

சுழலும் நட்டை, உலோக ஃபோர்க்காக இருந்தால், ரிவெட் நட்டுப் (சுவரில் நெரித்துப் பதிக்கும் நட்டு) பொருத்தும் கருவியால் மீண்டும் நெரிக்கலாம். கருவி இல்லையென்றால், நீண்ட எம்5 போல்ட்டில் முதலில் ஒரு நட்டையும், அடுத்து கிரீஸ் தடவிய வாஷரையும் ஏற்றி, போல்ட்டைத் துளைக்குள் அடி தட்டாத அளவுக்குத் திருக வேண்டும். பிறகு போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் ஸ்பேனரால் பரப்பை நோக்கி இறுக்கினால், பதித்த நட்டு வெளிப்புறமாக இழுக்கப்பட்டு மறுபடி அமுங்கிப் பிடிக்கும். கார்பன் ஃபோர்க்கில் இதைச் செய்யக் கூடாது. அங்கே அந்த இழுவை கார்பன் சுவரையே நொறுக்கிவிடும், எனவே அது தயாரிப்பாளரின் பழுதுபார்ப்பு மையத்துக்குப் போக வேண்டிய வேலை.

அரைந்த மரைக்கு, காதுத் துளையாக இருந்தால், கம்பிச் சுருள் மரை (துளைக்குள் புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) பதிப்பதும், மரையை விட்டுவிட்டு ஊடுருவும் போல்ட்டும் நட்டும் போடுவதும் முறையான வழிகள். காதைச் சுற்றிப் போதுமான உலோகம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் எம்6 அளவுக்குப் பெரிதாக்குவது, ஒரு துளையைக் காப்பாற்றப் போய்க் காதையே இழப்பதாக முடியலாம்.

போல்ட் முறிந்துவிட்டது

முறிந்த முகத்தைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகம் முழுவதும் ஒரே மாதிரி புதிதாகவும், தண்டு லேசாக நீண்டோ முறுக்கியோ இருந்தால், அளவுக்கு மீறி இறுக்கியதில் முறிந்திருக்கிறது. முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, கருத்து அல்லது துருவேறி, மற்ற பகுதி மட்டும் சொரசொரப்பாகப் புதிதாகத் தெரிந்தால், அது ஒரே நாளில் முறிந்ததல்ல; பல நாட்களாக ஒரு விரிசல் மெல்ல வளர்ந்து, எஞ்சிய உலோகம் தாங்காமல் போன கணத்தில் பிரிந்திருக்கிறது. ஃபோர்க் போல்ட்டுகளில் நான் பார்த்த முறிவுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது வகைதான்.

என் சொந்த வண்டியில், டிஸ்க் பிரேக்கின் காலிப்பருக்கு (தகட்டை அழுத்திப் பிடிக்கும் பகுதிக்கு) இடம்விட வேண்டி, கேரியரின் காலுக்கும் காதுக்கும் நடுவில் வாஷர்களை அடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினொரு வாஷர்கள். இறுக்கும்போது திடமாகத்தான் இருந்தது. சில மாதங்களில் இடப்பக்க போல்ட் காதுத் துளையின் வாயை ஒட்டி முறிந்தது. முகத்தில் முக்கால் பங்கு கருத்திருந்தது. வாஷர் அடுக்கு ஒவ்வொரு குலுக்கலிலும் சிறிது வழுக்க, நெரிப்பு குறைந்து, சுமை முழுவதும் போல்ட்டை வளைக்கும் விசையாக மாறியிருக்கிறது. காதிலிருந்து சுமை தள்ளிப்போகும் தூரம் இரட்டிப்பானால் வளைக்கும் விசையும் இரட்டிப்பாகும். இதற்குச் சரியான தீர்வு, வாஷர் அடுக்குக்குப் பதில் ஒரே துண்டாலான தடித்த ஸ்பேசர். அதன் இரு முகங்களும் தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். காது எம்6 ஆக இருந்தால் எம்6 போல்ட்டையே பயன்படுத்த வேண்டும்: வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவதால், 1 மி.மீ. வித்தியாசத்தில் அது ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகிறது.

தரத்தைப் பற்றிய பேச்சுக்கு இடம் இங்கேதான். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், அந்த எஃகு ஏறக்குறைய 800 மெகாபாஸ்கல் இழுவிசை வரை அறுபடாமல் தாங்கும், அதில் எண்பது சதவீதத்தில், அதாவது 640 இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். ஏ2-70 என்ற துருப்பிடிக்காத எஃகு 700 வரை அறுபடாது, ஆனால் 450 இலேயே நீளத் தொடங்கிவிடும். பாட்டில் கேஜுக்கும் மட்கார்டுக்கும் ஏ2-70 தாராளமாகப் போதும். சுமை ஏற்றும் கேரியருக்கு 8.8 போட்டு, துருப்பிடிக்காமல் கவனித்துக்கொள்வதை நான் விரும்புவேன். 12.9 போட்டால் கவலை தீர்ந்தது என்பது தவறு: அதை அதன் முழு வலிமைக்கு இறுக்கினால் அலுமினியத் துளையின் மரைதான் முதலில் போகும். எடை குறைவு என்பதற்காக அலுமினிய போல்ட்டைச் சுமை தாங்கும் இடத்தில் போடவே கூடாது.

சக்கரத்தை மாட்டியதும் உரசல் சத்தம் வருகிறது

காதின் துளை திறந்திருப்பதால், நீண்ட போல்ட்டின் நுனி உட்புறமாக நீட்டிக்கொண்டு டிஸ்க் தகட்டையோ ஹப்பையோ தொடும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, காதுக்குப் பின்னால் ஒரு காகிதத் துண்டை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குட்டை போல்ட் கிடைக்காவிட்டால், முதலில் போல்ட்டில் ஒரு நட்டை ஏற்றி, பிறகு நுனியை ஹேக்சாவால் வெட்டி, நட்டைக் கழற்ற வேண்டும். கழலும் நட்டு வெட்டிய மரையைச் சீராக்கிவிடும்.

போல்ட் கழல மறுக்கிறது

அலுமினியத் துளையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை உலர்வாகப் போட்டு, மழையிலும் வியர்வையிலும் விட்டால், இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் அரிப்பு ஏற்பட்டு வெண்ணிறப் பொடி சேர்ந்து இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்து, தலையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, தேயாத முனையுள்ள ஆலன் கீயை நேராக அழுத்தி, முதலில் நூலளவு இறுக்கும் பக்கமாகவும் பிறகு கழற்றும் பக்கமாகவும் திருப்ப வேண்டும். பொத்தான் தலையின் 3 மி.மீ. குழி ஆழமற்றது, எளிதில் உருண்டுவிடும். உருண்டுவிட்டால், ஹேக்சாவால் தலையில் குறுக்குப் பள்ளம் இட்டு, அகன்ற ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். புதிய போல்ட்டைப் போடும்போது, பசை இடாத இடமாக இருந்தால், மரையில் கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் இட்ட போல்ட் அதே டார்க்கில் (திருகும் விசையில்) அதிகமாக நெரிக்கும் என்பதால், தயாரிப்பாளர் குறித்த அளவைத் தாண்டாமல் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

ஃபோர்க்கில் துளையே இல்லை

சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் துளையிட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறும், சுவரும் வலுவிழக்கும். கார்பன் ஃபோர்க்கில் துளையிட்டால் இழைகள் அறுபடும். இரண்டிலும் வளையக் கிளாம்புதான் வழி, அதுவும் ஃபோர்க்கின் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும். கிளாம்பின் இரு பக்க போல்ட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கி, இருபுற இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருபுறம் முழுவதும் மூடி மறுபுறம் திறந்திருந்தால், கிளாம்பின் விளிம்பு ஃபோர்க்கின் காலை ஒரே கோட்டில் அழுத்திக்கொண்டிருக்கிறது, அதைத் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டும்.